மெஷின் யார் கையில், துடைப்பம் யார் கையில்?



பள்ளியில் தச்சு வகுப்பு என்று யாராவது சொன்னால் நம் தரப்பிலிருந்து முதலில் எழும் குரல் ‘குலக்கல்வி’. அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைக்கு நாளுக்கு மூன்று மணி நேரம்தான் பள்ளி; மீதி நேரம் அப்பன் தொழில். பெரியார் தெருவில் இறங்கினார். 1954இல் காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. இன்று தேசியக் கல்விக் கொள்கை 2020, 6 முதல் 8ஆம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் பிள்ளைகளை உள்ளூர்த் தச்சரிடமும் குயவரிடமும் அனுப்பச் சொல்கிறது. 2023இல் வந்த விஸ்வகர்மா திட்டம் குடும்பத் தொழிலையே தகுதியாக வைத்தது. சந்தேகப்படத்தான் வேண்டும்.

ஆனால் அந்தச் சந்தேகம் ‘நம் பிள்ளை கருவியையே தொடக்கூடாது’ என்று முடிந்தால், கைவேலை இழிவு என்று ஆதிக்கச் சாதி சொல்வதை நாமும் ஒப்புக்கொள்கிறோம்.

குலக்கல்வியின் விதி ஒன்றுதான்: பிறப்பு தொழிலைத் தீர்மானிக்கும். அந்த விதிப்படி சேரிப் பிள்ளைக்கு உளிகூடக் கிடைத்திருக்காது. தச்சு ஆசாரி வீட்டுத் தொழில். நமக்கு எழுதிவைத்தது பண்ணை வேலை, செத்த மாடு, சாவு வீட்டுப் பறை, மலக்குழி. சேரியிலிருந்து வரும் பெண்ணும் ஊர்த்தெருப் பையனும் ஒரே வகுப்பில் முறைவைத்து ஒரே மின்ரம்பத்தை இயக்கி, ஒரே மதிப்பெண்ணுக்குத் தேர்வு எழுதினால் அந்த விதி அங்கே உடைகிறது. ஃபின்லாந்தில் 1866இலிருந்தே கைவேலை பள்ளிப் பாடம். இன்று ஆண், பெண் எல்லாரும் படிக்கிறார்கள்.

அடுத்த கேள்வி: எந்தக் கருவி? வசதியான தனியார் பள்ளியில் இதே மரவேலைக்கு ‘மேக்கர் ஸ்பேஸ்’ என்று பெயர். பேட்டரி டிரில், லேசர் கட்டர், தூசி உறிஞ்சி எல்லாம் வரும். ஆசிரியருக்கும் கழிப்பறைக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கும் நம் பள்ளிகளுக்கு வரும்போது மட்டும் அது ‘கைத்தொழில் பயிற்சி’. இருப்பதிலேயே மலிவான கருவி போதும் என்பார்கள்.

மலிவுக்கு விலை விரல்தான். பட்டறைகளில் பாருங்கள்: இரும்பு தேய்க்கும் கிரைண்டரின் காப்பு மூடியைக் கழற்றிவிட்டு மரம் அறுக்கும் பிளேடை மாட்டுகிறார்கள். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும் மெஷின் அது. பல் மரத்தில் சிக்கினால் எகிறும். வேறு வழியில்லாத தொழிலாளி அதைச் செய்கிறார். பள்ளி அதைக் கற்றுக்கொடுக்கக் கூடாது.

தரமான கருவி என்றால் பளபளப்பு அல்ல. மேசை ரம்பத்தில் பிளேடு மூடி, அறுத்த மரம் பிளேடை நெரிக்காமல் பிரித்து நிறுத்தும் தகடு, தள்ளுகோல், சட்டென்று அணைக்கும் ஸ்விட்ச், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இவற்றோடு தூசி உறிஞ்சி. மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே வகைப்படுத்திவிட்டது.

‘கையால் இழைப்பதே கலை, மெஷின் எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. உளியும் இழைப்புளியும் கற்கட்டும். மரத்தின் நார் ஓட்டத்தைக் கை அதில்தான் படிக்கும். ஆனால் அங்கேயே நிறுத்துவது வஞ்சகம். காந்தி 1937இல் வார்தா கல்வியை முன்வைத்தபோது, பிள்ளைகளின் கைத்தொழில் வருமானத்தில் பள்ளி நடக்கலாம் என்றார். அம்பேத்கர் 1945இல் காந்தியத்தை விமர்சித்தபோது இயந்திரத்தின் பக்கம் நின்றார். முதுகொடியும் உழைப்பிலிருந்து விடுவித்து ஓய்வைத் தருவது இயந்திரம், ஓய்வில்லாமல் பண்பாடு இல்லை என்பது அவர் வாதம். அந்த ஓய்வு நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் கூடாது?

ஆகவே நம் கோரிக்கை இதுதான்:

1. தச்சு வகுப்பு எல்லாப் பள்ளிக்கும், எல்லாப் பிள்ளைக்கும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கு மட்டும் என்றால் அது குலக்கல்வியேதான்.

2. கணிதம், அறிவியல் பாடவேளையில் ஒரு நிமிடமும் குறையக் கூடாது.

3. கருவி வாங்கும்போதே ஆண்டுப் பராமரிப்புக்கும் நிதி வேண்டும். மற்றப் பாட ஆசிரியருக்கு இணையான ஊதியத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும்.

4. பிள்ளைகள் செய்த பொருளைப் பள்ளி விற்கக் கூடாது. யார் வீட்டுக்கும் அலமாரி செய்துதர அவர்கள் வரவில்லை.

உங்கள் ஊர்ப் பள்ளியில் இப்படி ஒரு வகுப்பு தொடங்கினால் திறப்பு விழா முடிந்து ஒரு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். மெஷின் எந்தப் பிள்ளை கையில் இருக்கிறது, மணி அடித்ததும் மரத்தூளைக் கூட்டும் துடைப்பம் எந்தப் பிள்ளை கையில் இருக்கிறது என்று கவனியுங்கள். இரண்டும் எல்லார் கைக்கும் முறைவைத்துப் போகவில்லை என்றால் அன்றே மனுவோடு தலைமையாசிரியர் அறைக்குள் நுழையுங்கள்.

ஜெய்பீம்!