விழுகிற சுவிட்சைத் திட்டாதீர்கள்!

சென்ற மாதம் கரிவலம்வந்தநல்லூரில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் பாதையில் இருக்கிறது ஊர். காலையில் குளித்துவிட்டுப் பால்வண்ணநாதரைத் தரிசித்து வரலாம் என்று எண்ணம். வெந்நீர் காய்வதற்குள் 'டக்' என்று ஒரு சத்தம். பின்கட்டு முழுவதும் இருட்டு!

"விழுந்துட்டுதா? காலையிலேருந்து இது ரெண்டாவது தடவை!" என்று அடுக்களையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "மருமக வந்தா, கூடவே நாலு மிஷினும் வந்துது. அன்னிக்குப் பிடிச்ச சனி!"

மதினி பதில் பேசவில்லை. மிக்ஸியில் சட்னி பாதி அரைபட்டு நின்றது. குழந்தையின் பள்ளிக்கூடச் சட்டை பாதி இஸ்திரியோடு கிடந்தது.

"ஏட்டி, நீதான் பெரிய படிப்புப் படிச்சவளாச்சே! இதுக்கு ஒரு வழி சொல்லேன்" என்றாள் அத்தை.

காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெந்நீர்க் கெய்சர் 2000 வாட். இண்டக்ஷன் அடுப்பு 2000. இஸ்திரிப் பெட்டி 1000. மிக்ஸி 500. ஆக மொத்தம் 5500 வாட். இதை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 24 ஆம்பியர். பின்கட்டுக்கு இருப்பதோ ஒரே ஒரு எம்.சி.பி. சுவிட்ச். அதன் நெற்றியில் 16 என்று எழுதியிருக்கிறது. பதினாறு பேர் ஏறும் வண்டியில் இருபத்துநாலு பேர் ஏறினால் வண்டிக்காரன் சும்மா இருப்பானா?

அத்தையின் மேல் தப்பில்லை. பாபநாசத்தில் நீர்மின் நிலையம் வந்தது 1944-ல். அதற்குப் பிறகு வெகுகாலம் வரை, வீட்டில் மின்சாரம் என்றால் நாலு பல்பும் ஒரு ரேடியோவும்தான். மதினியின் மேலும் தப்பில்லை. ஆறு மணிக்குள் அத்தனை வேலையையும் முடிக்க வேண்டியவள் அவள்தானே!

1924-ல் ஜெர்மனியில் ஹூகோ ஸ்டோட்ஸின் தொழிற்சாலையில் உருவானது இந்தச் சுவிட்ச். உள்ளே இருவேறு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு தகடு உண்டு. சுமை மிஞ்சினால் தகடு சூடேறி வளையும். வளைந்து சுவிட்சைத் தள்ளிவிடும். அதனால்தான் சில நிமிஷம் கழித்து விழுகிறது. தகடு ஆறும் வரையில் தூக்கினாலும் நிற்காது.

தூக்கிய மாத்திரத்திலேயே விழுந்தால் விஷயம் வேறு. எங்கோ இரண்டு கம்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்போது உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் காந்தமாகி, கண் இமைக்கும் முன் சுவிட்சை இழுத்துத் தள்ளும். மறுபடி மறுபடி தூக்கிப் பார்க்காமல் வயர்மேனைக் கூப்பிடுவதே உத்தமம்.

மத்தியானம் ஓர் எலெக்ட்ரிக் பையன் வந்தான். "32 ஆம்பியர் போட்டுடுதேன் அத்தே, அப்புறம் விழவே விழாது" என்றான். அத்தையின் முகம் மலர்ந்தது. எனக்கோ பகீரென்றது. சுவிட்சை மாற்றலாம், சுவருக்குள் இருக்கும் பழைய கம்பி மாறவில்லையே! சுவிட்ச் பேசாமல் இருக்க, கம்பி உருகித் தீப்பிடிக்கும். அந்த நாளில் பியூஸ் போனால் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றுவார்களே, அதே தப்புதான் இது. கெய்சருக்குத் தனிக் கம்பியும் தனிச் சுவிட்சும் போடச் சொல்லி அனுப்பினேன். அதுவரையில் கெய்சர் ஓடும்போது இஸ்திரியும் இண்டக்ஷனும் கூடாது என்று ஏற்பாடு.

மறுநாள் காலை கெய்சர் ஒன்றுதான் ஓடியது. அப்படியும் 'டக்'!

இந்தத் தடவை விழுந்தது பக்கத்தில் இருந்த அகலமான சுவிட்ச். அதற்கு ஆர்.சி.சி.பி. என்று பெயர். இந்த ஊரின் பேரிலேயே யானை வலம் வருகிறது அல்லவா? மின்சாரமும் அப்படித்தான், போன வழி சுற்றித் திரும்பி வர வேண்டும். போனதற்கும் வந்ததற்கும் கணக்கு உதைத்தால், நடுவில் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஓர் ஆம்பியரை ஆயிரம் பங்கு போட்டு, அதில் முப்பது பங்கு ஒழுகினாலே வீட்டுக்குப் போடுகிற இந்தச் சுவிட்ச் விழுந்துவிடும். அந்த ஒழுக்கு ஈரக் கையோடு நிற்பவரின் உடம்பு வழியாகவும் போகலாம்!

"அந்தச் சனியனைக் கழத்திப் போடச் சொல்லு!" என்றாள் அத்தை.

வயர்மேன் வந்தார். எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். கெய்சரின் முறை வந்ததும் விழுந்தது. கழற்றிப் பார்த்தால், உள்ளே ஹீட்டர் குழாயில் நீளமாக ஒரு விரிசல்!

அந்த வீட்டில் விடியுமுன் முதலில் குளிப்பவள் மதினி.

அத்தை வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

சகோதரிகளே! சுவிட்ச் விழுந்தால் உடனே தூக்காதீர்கள். எப்போது விழுந்தது, எதைப் போட்டதும் விழுந்தது என்று முதலில் கவனியுங்கள். விழுந்த விதமே பாதி நோயைச் சொல்லிவிடும். ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அமுக்குங்கள். உடனே விழுந்தால் காவல்காரன் விழித்திருக்கிறான். விழாவிட்டால் வயர்மேனுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று, "குளிருதேன்னு பார்க்காதே தாயி, அடுப்பிலே வெந்நீர் வச்சிருக்கேன், முதல்லே நீ குளி" என்று அத்தையின் குரல் கேட்டது. எனக்குத்தான் என்று துண்டோடு எழுந்தேன்.

எனக்கு இல்லை, மதினிக்கு!