டேட்டாபேஸ் 'ஓகே' என்கிறது... கணக்கு ஏன் உதைக்கிறது?

ஒரு மகளிர் சுய உதவிக் குழு, வரவு செலவை மொபைல் ஆப் ஒன்றில் எழுதுகிறது என வைத்துக்கொள்வோம். 20-ம் எண் உறுப்பினர் ஊர் மாறிப் போகிறார். யாரோ அவர் பெயரை டெலீட் செய்துவிடுகிறார்கள். அவர் கட்ட வேண்டிய 4,000 ரூபாய் மட்டும் கடன் பட்டியலில் அப்படியே நிற்கிறது. மொத்தத்தில் அந்தத் தொகை வரும். ஆள்வாரியாகப் பார்த்தால் யார் பெயரிலும் வராது. மாதக் கூட்டத்தில் கணக்கு உதைக்கும். பழி, கணக்கு எழுதும் அக்கா மேல்தான் விழும்.

கடன் பட்டியலில் உள்ள உறுப்பினர் எண், உறுப்பினர் பட்டியலிலும் இருந்தே ஆக வேண்டும். இந்த விதிக்கு டேட்டாபேஸ் பாஷையில் 'ஃபாரின் கீ' என்று பெயர். விதி இருந்தும் எப்படி உடைந்தது?

ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலுமே ஏராளமான ஆப்கள் தகவலைச் சேமிப்பது எஸ்.க்யூ.லைட் என்ற குட்டி டேட்டாபேஸில். அமெரிக்காவின் ரிச்சர்ட் ஹிப் 2000-ல் வெளியிட்டது. (போர்க்கப்பலுக்கான மென்பொருள் வேலையில் பிறந்த யோசனை இது என்பது தனிக்கதை.) இந்த விதியை மீறினால் தடுக்கும் வசதி அதில் 2009-ல்தான் வந்தது. பழைய ஆப்கள் திணறக் கூடாதென்று அதை 'ஆஃப்' நிலையிலேயே கொடுத்தார்கள். டேட்டாபேஸைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஆப்தான் 'ஆன்' செய்ய வேண்டும். ஆப் எழுதியவர் மறந்தால், வாட்ச்மேன் இருந்தும் கேட் திறந்தே கிடக்கும்.

சந்தேகம் வந்தால் பலரும் கொடுக்கும் கட்டளை, 'பிராக்மா இன்டெக்ரிட்டி செக்'. ஃபைல் சிதைந்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்து 'ஓகே' சொல்லிவிடும். ஆனால், ஃபாரின் கீ பக்கம் அது திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்கென்றே 2013-ல் வந்தது, 'பிராக்மா ஃபாரின் கீ செக்'. எந்தப் பட்டியலில், எந்த வரி, எந்தப் பட்டியலில் ஆளைத் தேடி ஏமாந்தது, உடைந்தது எத்தனையாவது விதி என நான்கு தகவல்களைத் தரும். தப்பு இல்லாவிட்டால் ஒன்றுமே சொல்லாது. பதில் வரவில்லையே எனப் பதற வேண்டாம்.

அதற்காக முழுதாக நம்பியும் விடாதீர்கள். ஆப்பில் அந்த விதியே எழுதப்படவில்லை என்றால், கட்டளைக்குத் தேட ஒன்றுமில்லை. இன்னொரு வில்லங்கம்தான் பெரியது. எஸ்.க்யூ.லைட் வழக்கமாக, இருப்பதிலேயே பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டித்தான் அடுத்த எண்ணைத் தரும். கடைசி எண்ணான 20-ஐ டெலீட் செய்த பிறகு புதிதாகச் சேருபவருக்கு மறுபடி 20 கிடைக்கலாம். வாங்காத கடன் 4,000 ரூபாய் அவர் தலையில்! 20-ம் எண்ணில்தான் ஆள் இருக்கிறாரே என, செக் கட்டளையும் வாய் திறக்காது. அதனால், புது ஆளைச் சேர்க்கும் முன்பே சோதிப்பது நல்லது.

நம் போனிலிருந்து நாமே ஆப்பின் டேட்டாபேஸைத் திறக்க பெரும்பாலும் முடியாது. ஆப் எழுதித் தந்த தம்பியிடம் இந்தக் கட்டளையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். முதலில் ஒரு காப்பி எடுத்துவைக்கச் சொல்லுங்கள். சிக்கும் வரிகளை மொத்தமாக அழித்துவிடலாம் என்று அவர் சொன்னால் தலையாட்டாதீர்கள். அது குழுவின் பணம். பழைய எண்ணிலேயே அந்த உறுப்பினரைத் திரும்பச் சேர்த்து, 'விலகியவர்' எனக் குறித்தால் போதும். பிறகு கட்டளையை இன்னொரு முறை ஓட்டிவிட்டு, அந்த வாட்ச்மேனை ஆன் செய்யச் சொல்லுங்கள். ஆன் செய்த பிறகு நடப்பதைத்தான் அவர் தடுப்பார். ஏற்கெனவே உள்ளே நுழைந்ததைத் தேட மாட்டார்.