மென்பொருள் மீது பழி போடாதீர்கள்

"அப்போது பழைய மென்பொருளில் வேலை செய்தோம். இப்போது புதியதற்கு மாறிவிட்டோம். அதனால் அந்தக் காட்சிகளை எடுக்க முடியவில்லை."

மலையகத்தைப் பற்றி ஆவணப்படம் எடுப்போரிடமிருந்து இந்த விளக்கத்தைப் பலமுறை கேட்டுவிட்டேன். கடைசியாக இதைக் கேட்டது ஓர் இளைஞருடன் சென்றபோது. தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்காக லயத்தை விட்டு வெளியேறியவர்களில் அவருடைய பாட்டியும் ஒருவர். திட்டம் 2012இல் இயங்கத் தொடங்குவதற்கு முன்பே அந்த அம்மாவை ஒரு நிறுவனத்தார் பேட்டி கண்டு ஒளிப்பதிவு செய்திருந்தனர். அவர் இன்று இல்லை. பேரன் கேட்டபோது கிடைத்த பதில்தான் மேலே உள்ளது.

அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. வன்தட்டைக் கேட்டு வாங்கித் திறந்து பார்த்தோம். கேமராவின் மெமரி கார்டில் இருந்த கோப்புறை அமைப்பு எதுவும் அதில் இல்லை. உள்ளிருந்த எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் உருவிப் போட்டிருந்தார்கள். அம்மாவின் பேச்சு 00004 என்ற கோப்பில் பாதி வாக்கியத்தோடு நின்றது. அடுத்து வரவேண்டிய 00005 இருந்தது. ஆனால் அதில் ஓடியது வேறொரு நாளின் கோயில் திருவிழா! வேறு கார்டிலிருந்து அதே எண்ணுள்ள கோப்பைக் கொண்டுவந்து போட்டபோது, 'பதிலீடு செய்யவா?' என்று கணினி கேட்டிருக்கிறது. யாரோ 'ஆம்' என்று சொல்லியிருக்கிறார்கள். மென்பொருள் மாறுவதற்கு முன்பே, படமெடுத்த வாரத்திலேயே, அந்தப் பேச்சின் மறுபாதி அழிந்துவிட்டது.

நாடாக் காலத்தில் இந்த விபத்து இவ்வளவு எளிதில் நேராது. மினி டிவி நாடாவை ஒரு மணி நேரம் ஓடவிட்டுத்தான் கணினிக்கு ஏற்றினோம். ஏற்றிய பிறகும் நாடா அலமாரியில் இருந்தது. அதன் முதுகில் ஊரும் நாளும் எழுதியிருந்தோம். கணினியில் எது கெட்டாலும் மூலம் கையில் இருந்தது. சோனியும் பானசோனிக்கும் 2006இல் ஏவிசிஎச்டி முறையைக் கொண்டுவந்தபின் நாடா போயிற்று. கார்டைப் பிரதி எடுத்து, உடனே அழித்து, மறுநாள் அதிலேயே மீண்டும் பதிவு செய்கிறோம். ஆகவே நாம் எடுக்கும் பிரதிதான் மூலம். இந்த ஒரு வாக்கியம் புரியாததால் வந்த வினைதான் எல்லாம்.

மென்பொருள் நிறுவனங்கள் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆப்பிள் 2011 ஜூனில் ஃபைனல் கட் ப்ரோ பத்தாம் பதிப்பை வெளியிட்டபோது, ஏழாம் பதிப்பில் செய்த வேலைகளை அது திறக்கவில்லை. பலர் அடோபி பிரீமியருக்கு ஓடினார்கள். 2017இல் வந்த மேக் இயங்குதளத்தில் ஏழாம் பதிப்பு இயங்குவதும் நின்றது. ஆனால் பழைய மென்பொருள் இயங்கிய ஆண்டுகளில் தொகுப்பு வரிசையை எக்ஸ்எம்எல் கோப்பாக வெளியே எடுத்திருந்தால், பிரீமியர் அதைப் படித்திருக்கும். ஆறு ஆண்டு அவகாசம் இருந்தது. எத்தனை பேர் செய்தோம்?

இன்னொரு வேடிக்கை. அந்த நிறுவனத்தில் காட்சிக் குறிப்புகளைப் பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தார்கள். ஒருங்குறி மட்டுமே அறிந்த புதிய கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தன.

செய்யவேண்டியது கடினமல்ல. கார்டில் உள்ள 'பிரைவேட்' கோப்புறையை அப்படியே, உள்ளே ஒன்றையும் தொடாமல், பெயர் மாற்றாமல், பிரதி எடுங்கள். நீண்ட பேச்சைக் கேமரா பல கோப்புகளாக வெட்டியே எழுதுகிறது. அவற்றை ஒட்டத் தேவையான தகவல் அந்த அமைப்பில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கார்டுக்கும் தனிக் கோப்புறை வைத்து, அதன் வெளிப்பெயரில் நாள், ஊர், கார்டு எண் ஆகியவற்றை எழுதுங்கள். கூடவே ஓர் எளிய உரைக்கோப்பு: பேசியவர் பெயர், தோட்டம், டிவிசன், எதைப் பற்றிப் பேசினார், எதற்கு அனுமதி தந்தார். இதை மென்பொருளுக்குள் எழுதினால் அது மென்பொருளோடு போகும். ஒருங்குறியில் வெளியே எழுதினால் எதிலும் திறக்கும். இரண்டாவது வன்தட்டில் ஒரு பிரதி. இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை அழியுங்கள்.

"வன்தட்டு வாங்கப் பணம் ஏது?" என்பார்கள். நுவரெலியாவில் படப்பிடிப்புக் குழு தங்க அறைக்குப் பணம் இருந்ததே! பாதுகாப்புக்கு மட்டும் ஏன் இல்லாமல் போகிறது? உண்மையான காரணம் வேறு. "தோட்டக் காட்சிதானே, மறுபடியும் போய் எடுத்துக்கொள்ளலாம்" என்ற மனப்பான்மை அது. கொழுந்து பறிக்கும் பெண் அவர்களுக்கு மலைக்கும் மூடுபனிக்கும் இடையே ஓர் அலங்காரம். அமைச்சரின் பேட்டிக் கோப்பில் பெயர் தவறாமல் இருக்கும். அவள் கோப்பின் பெயரோ 'தேயிலை 3'.

மறுபடியும் எதை எடுப்பீர்கள்? நீர் குறைந்த சென் கிளேயர் அருவியைப் பழையபடி விழச் சொல்வீர்களா? நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் கேட்டு 2018இல் வீதிக்கு வந்த பெண்களை அதே கோபத்தோடு மீண்டும் நிற்கச் சொல்வீர்களா? மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்த நடையை எத்தனை கேமராக்களும் கைபேசிகளும் பதிவு செய்தன! வாட்ஸ்அப்பில் அனுப்பித் தரமும் தேதியும் இழக்காத மூலப்பதிவு உங்களிடம் எத்தனை உண்டு?

ஒன்றை மறக்க வேண்டாம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிடம் தந்தை அல்லது தந்தைவழி முன்னோர் இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவு இல்லாதவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். எஞ்சியோருக்கு அந்த அநீதி தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. பெயரும் ஊரும் நாளும் எழுதி வைக்கப்படாததற்கு இவ்வளவு விலை கொடுத்த ஒரு சமூகத்தின் முகங்களை, பெயரில்லாத எண்களாகக் குவித்து வைப்பவர்கள், அச்சமூகத்தின் வரலாற்றைக் காப்பதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

பேரனுக்குப் பாதிப் பேச்சு கிடைத்தது. மறுபாதிக்கு யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. உங்கள் அலுவலகத்திலும் ஒரு வன்தட்டு இருக்கும். இன்றே திறந்து பாருங்கள்.