சர்க்கரைப் பூச்சு என்னும் ஏளனம்

நிரல்மொழியின் தொடரமைப்பைச் செம்மை செய்வோரைக் கணினியியல் துறைகள் ஆய்வாளராக எளிதில் ஏற்பதில்லை. ‘எப்படி எழுதினாலும் பொறிக்குப் போய்ச் சேர்வது ஒன்றுதானே; மற்றதெல்லாம் சர்க்கரைப் பூச்சு’ என்பது வழக்கமான ஏளனம். ராட்ஃபாரின் வரலாறு இதற்குத் தக்க மறுப்பு.

1966ஆம் ஆண்டுத் தரநிலைப்படியான ஃபோர்ட்ரானில் ‘இல்லையேல்’ என்று சொல்ல வழியில்லை. நிபந்தனையைத் தலைகீழாக்கி, எண்ணிட்ட கூற்றுக்குத் தாவச் சொல்ல வேண்டும். துளை அட்டையின் 7 முதல் 72 வரையிலான கட்டங்களுக்குள் கூற்று அடங்கவும் வேண்டும். 1970களின் நடுவில் பெல் ஆய்வுக்கூடத்தின் பிரையன் கெர்னிகன் இதற்கென ஒரு முன்செயலியை எழுதினார். இஃப்–எல்ஸ், வைல், ரிப்பீட் போன்ற அமைப்புகளில் எழுதியதை அது பழைய ஃபோர்ட்ரானாக மாற்றித் தந்தது. தான் அறியாத கூற்றுகளைத் தொடாமல் அப்படியே கடத்திவிட்டது. ஆகவே பழைய தொகுப்பிகளும் நிரலகங்களும் பழுதின்றிப் பயன்பட்டன. 1976இல் அவரும் பிளாகரும் எழுதிய ‘சாஃப்ட்வேர் டூல்ஸ்’ நூலின் நிரல்கள் ராட்ஃபாரிலேயே அமைந்தன.

இதில் குறையே இல்லையா? உண்டு. தொகுப்பி சுட்டும் பிழை, எழுதியவர் கண்டிராத இடைநிலை ஃபோர்ட்ரானில் இருக்கும். அந்த விலையைக் கொடுத்தும் மக்கள் இதைப் பயன்படுத்தினர். ஏன்? பொறிக்குக் கிடைத்தவை அதே தாவல்கள்தாம். மாறியது மனிதர் படிக்கும் பக்கம் மட்டுமே. பொறி கொள்ளும் பொருள்தான் முழுப்பொருள் என்றால் ராட்ஃபார் வீண்வேலையாக முடிந்திருக்க வேண்டும். மாறாக, இஃப்–எல்ஸ் தொகுதியை ஃபோர்ட்ரான் 77 தன் இலக்கணத்திலேயே சேர்த்துக்கொண்டது. வைல் சுற்றும் கட்டமில்லா எழுத்துமுறையும் ஃபோர்ட்ரான் 90இல் வந்தன. நேற்றைய பூச்சு இன்றைய இலக்கணம்.

புள்ளியும் சொல்லிடைவெளியும் இல்லாத ஓலைச்சுவடியைச் சந்தி பிரித்து அச்சேற்றிய பதிப்பாசிரியரை, ‘பாட்டு அதே பாட்டுத்தானே’ என்று எவரும் தள்ளுவதில்லை. அவர் தொட்டது பாட்டை அன்று, படிப்பவருக்கும் பாட்டுக்கும் இடையிலான தூரத்தை.

நிரல் எழுதத் தடுமாறும் மாணவரிடம் ‘தருக்க அறிவு போதாது’ என்று தீர்ப்பெழுதுவது எளிது. மொழியின் வடிவமே அவரை மறித்ததா என்று கேட்பதற்குத்தான் ஆய்வு வேண்டும். அந்தக் கேள்வியைப் பூச்சு என்று ஒதுக்கும் துறை, தன் மாணவரின் தோல்விக்கான காரணத்தைத் தேடாமலே விட்டுவிடுகிறது.