சான்றிதழ் உயிர் காக்குமா?

பெரிய கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால், "சமூகப் பொறுப்பு" என்ற சொல் பளபளக்கிறது. மரம் நடுகிறார்களாம், பள்ளிக்குப் பெஞ்சு தருகிறார்களாம். தரட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால், ஆலைக் கதவுக்கு உள்ளே அந்தப் பொறுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்பது உழைப்பாளியின் உரிமையல்லவா?

பாகிஸ்தானின் கராச்சி நகரில் அலி எண்டர்பிரைசஸ் என்றொரு ஆடைத் தொழிற்சாலை. தொழிலாளரை நல்லமுறையில் நடத்தும் ஆலை என்று 2012 ஆகஸ்டில் 'எஸ்.ஏ. 8000' என்னும் சர்வதேசச் சான்றிதழ் பெற்றது. அடுத்த மாதம் 11-ஆம் நாள் தீப்பற்றியது. தீ வைத்தவர் யார் என்பது தனி வழக்கு. தப்பி ஓட வழி இருந்ததா? சன்னல்களில் கம்பி; கதவுகளில் பூட்டு! 250-க்கும் அதிகமானோர் மாண்டனர். சான்றிதழ் இருந்தது, வெளியேற வழிதான் இல்லை!

2013 ஏப்ரல் 24. வங்க தேசத்தில், டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம். முதல்நாளே விரிசல் கண்டது. ஆயினும் மறுநாள் தொழிலாளரை உள்ளே அனுப்பினர். எட்டு மாடியும் சரிந்தது. 1,100-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அங்கே துணி வாங்கிய மேல்நாட்டுக் கம்பெனிகளிடம் அழகழகான நன்னடத்தை விதிகள் இல்லாமலா போயின?

அதன்பிறகே உலகத் தொழிற்சங்கங்கள் சொல்லின: "வாக்குறுதி போதும், கையெழுத்துப் போடு!" 2013 மே மாதம் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் பிறந்தது. 200-க்கும் அதிகமான கம்பெனிகள் அதில் ஒப்பமிட்டன. பொறியாளர்கள் ஆலை ஆலையாகச் சோதித்தனர். கண்ட குறைகளை ஊரறிய வெளியிட்டனர். பூட்டுகள் அகன்றன, தீத்தடுப்புக் கதவுகள் வந்தன. சொன்னபடி நடக்கவில்லை என்று ஒரு கம்பெனியைச் சங்கங்கள் தி ஹேக் நகர நடுவர் மன்றத்துக்கு இழுத்தன. 2018-இல் அக்கம்பெனி 23 லட்சம் டாலர் தர இசைந்தது. எந்தச் சான்றிதழாவது இதைச் செய்ததுண்டா?

2023-இல் அதே வகை ஒப்பந்தம் பாகிஸ்தானுக்கும் சென்றது. அதற்கு முந்தைய ஆண்டே நம் திண்டுக்கல்லில், ஆடை ஆலைப் பெண்களின் பாதுகாப்புக்காகத் தமிழகத் தொழிற்சங்கம் ஒன்று இத்தகைய ஒப்பந்தத்தைப் பெற்றுவிட்டது.

தோழர்களே! முதலாளி தாமாகத் தரும் தருமம், அவர் நினைத்தால் நின்றுவிடும். சங்கத்தோடு அவர் போட்ட கையெழுத்தோ அவரை நீதிமன்றம்வரை துரத்தும். ஆகவே, அடுத்த முறை ஆலைவாயிலில் சமூகப் பொறுப்பு விழா நடந்தால், கைதட்டுமுன் ஒன்று கேளுங்கள்: அவசரக் கதவு திறந்திருக்கிறதா?