கடலடிச் சுற்றுலா: வருவாய் யாருக்கு?

கடற்படையிலிருந்து 2024 ஜனவரியில் ஓய்வு பெற்ற 'ஐ.என்.எஸ். குல்தார்' என்னும் போர்க்கப்பலை மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் கடற்பகுதியில், நிவதிப் பாறைக்கு அருகே கடலடியில் அமர்த்தி, அதைச் சுற்றி முக்குளிப்புச் சுற்றுலாவை வளர்க்கும் திட்டத்துக்கு மத்திய அரசு நிதி அளித்திருக்கிறது. 2018-இல் ஓய்வு பெற்ற 'ஐ.என்.எஸ். கடலூர்' கப்பலை வைத்துப் புதுச்சேரியிலும் இத்தகைய அறிவிப்பு ஒன்று வந்தது நினைவிருக்கலாம். 2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவுக் கடலில் நீந்திய படங்கள் வெளியானது முதல், அந்தத் தீவுகளின் பெயர் சேலம் பயண முகவர்களின் பலகைகளிலும் ஏறிவிட்டது. அந்தமானின் ஹேவ்லாக் என்னும் ஸ்வராஜ் தீவுக்குப் போய் ஒருமுறை 'ஸ்கூபா' முங்கி, சுறாவைப் பார்த்துவிட்டு வந்தவர்களை இப்போது நாமக்கல்லில் எளிதாகச் சந்திக்கலாம்.

கடலிலிருந்து ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் தள்ளி, கொல்லிமலை தெரியும் ஊரில் அமர்ந்திருப்பவனுக்குப் பவளப்பாறையைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். நாற்பது ஆண்டுகள் பொருளாதாரம் படிப்பித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஓர் அக்கறை உண்டு. நாமக்கல்காரன் என்ற முறையில் அதைவிடக் கூடுதல் அக்கறை உண்டு. நம் மாவட்டத்துப் பண்ணைகளில் நாளொன்றுக்கு ஐந்து கோடிக்கும் மேற்பட்ட முட்டைகள் உற்பத்தியாகின்றன. அந்தக் கோழிகளின் தீவனத்தில் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் மட்டும் இல்லை. கருவாட்டுத் தூளும் கிளிஞ்சலும் நெடுங்காலமாகச் சேர்ந்து வந்திருக்கின்றன. சோயா பெருமளவு இடம்பிடித்துவிட்ட பிறகும், கடற்கரையிலிருந்து வரும் கருவாட்டு லாரிகள் முற்றிலும் நின்றுவிடவில்லை.

இது சிறிய செய்தி அன்று. தமிழகத்தின் சோழமண்டலக் கடற்கரை இழுவைப் படகுகளைப் பற்றி 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, விலை போகும் மீன்களின் வரத்து குறைந்துகொண்டே போனபோதும் அந்தப் படகுகள் ஏன் நிற்கவில்லை என்பதை ஆராய்ந்தது. முன்பு கடலிலேயே வீசப்பட்ட கழிவு மீனுக்குக் கோழித்தீவனச் சந்தை ஒரு விலையைக் கொடுத்துவிட்டது என்பதே அதன் விடை. பாடநூல் கணக்குப்படி, மீன் குறைந்தால் செலவு வரவை மிஞ்சும். படகு தானே கரையேறும். கடல் மூச்சு விடும். அந்தத் தானியங்கித் தடையை நம் ஊர்த் தீவனத் தொட்டி அகற்றிவிட்டது. முட்டைக்கும் கடலடிக்கும் இடையே உள்ள தூரம் வரைபடத்தில் தெரிவதைவிடக் குறைவு.

இனிச் சுறாவின் விலைக்கு வருவோம். கடலடிச் சுற்றுலாவை ஆதரிப்போர் அனைவரும் எடுத்துக்காட்டும் முதல் கணக்கு மாலத்தீவினுடையது. அங்கே 1990-களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட ஆய்வு, முக்குளிப்போர் மிகுதியாக வரும் ஓரிடத்தில் ஒரு சாம்பல்நிறப் பாறைச் சுறா ஆண்டுக்கு 33,500 டாலர் ஈட்டித் தருகிறது என்றும், அதே சுறாவைப் பிடித்து விற்றால் மீனவருக்கு 32 டாலர்தான் கிடைக்கும் என்றும் மதிப்பிட்டது. மாலத்தீவு 2010-இல் சுறா பிடிப்பதைத் தடை செய்ததற்கு இந்த எண்களும் ஒரு காரணம். பசிபிக் தீவு நாடான பலாவ் அதற்கு ஓராண்டு முன்னரே, உலகில் முதன்முதலாகத் தன் கடல் முழுவதையும் சுறாக் காப்பிடமாக அறிவித்திருந்தது. அங்குள்ள முக்கிய முக்குளிப்பு இடங்களில் ஒரு சுறா தன் வாழ்நாளில் 19 லட்சம் டாலர் வருவாய்க்குக் காரணமாகிறது என 2011-இல் ஓர் ஆய்வு கூறியது. பிடித்து விற்றால் 108 டாலர்.

இந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் இவற்றைப் படிக்கும் முறை ஒன்று உண்டு; முதலாண்டு மாணவர்களுக்கே அதைச் சொல்லித் தருவோம். மாலத்தீவின் 33,500 டாலர் என்பது மிகப் புகழ்பெற்ற ஒரே இடத்தின் கணக்கு. அதே ஆய்வு, சுறா பார்க்கும் எல்லா இடங்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தபோது 3,300 டாலர்தான் வந்தது. பத்தில் ஒரு பங்கு. புதிதாக ஒரு தீவில் சுற்றுலா தொடங்குவோருக்குக் கிடைக்கக்கூடியது சராசரிக்கும் கீழேதான் இருக்கும். சுறாக்கள் இருமடங்கானால் பயணிகளும் இருமடங்காவார்கள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

பலாவின் கணக்கில் அதைவிட முக்கியமான ஒன்று மறைந்திருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 80 லட்சம் டாலர் அந்தத் தொழிலால் வந்தது; அதில் உள்ளூர் மக்களுக்குச் சம்பளமாகச் சென்றது சுமார் 12 லட்சம் டாலர். நூற்றுக்கு ஏழு கூட இல்லை. மீதி மற்றவர்களுக்குப் போயிற்று. சுறாவை உயிரோடு விட்டால் யாருக்கு லாபம் என்ற கேள்விக்கு, 'நாட்டுக்கு' என்று பதில் சொல்வது எளிது. சுறா பிடிப்பதை நிறுத்தியவருக்கு அதில் எவ்வளவு என்பதுதான் கடினமான கேள்வி.

நம் நாட்டில் சுறா ஏழைகளின் மீன். பிரசவித்த பெண்களுக்குப் பால்சுறாக் கருவாடு கொடுக்கும் வழக்கம் உள்நாட்டு ஊர்களிலும் உண்டு. 2001-இல் சில சுறா, திருக்கை இனங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2015-இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. இரண்டும் தேவையானவையே. ஆனால் தடையால் வருவாய் இழந்த மீனவருக்கு மாற்று என்ன என்பதை அந்த ஆணைகள் பேசவில்லை.

லட்சத்தீவை எடுத்துக்கொள்வோம். 36 தீவுகள், மக்கள் வாழ்வது பத்தில், மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் அறுபத்து நான்காயிரத்துச் சொச்சம் பேர். நாமக்கல் நகரத்தின் சில வார்டுகளை எடுத்துக் கடலில் தூவியது போன்ற அளவு. அங்கே சூரை மீனைக் கழித் தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். வலை இழுத்துக் கடலைச் சுரண்டுவதில்லை. அந்தத் தூண்டிலுக்கு உயிருள்ள சிறுமீன்கள் இரையாக வேண்டும். அவை பவளப்பாறை சூழ்ந்த காயல்களில்தான் கிடைக்கின்றன. ஆக, ஒரே காயலிலிருந்து மீனவர் இரைமீன் எடுக்கிறார், அலையிலிருந்து தீவு காப்பாற்றப்படுகிறது, இப்போது விடுதி நீர்மேல் குடில் கட்ட விரும்புகிறது. முதல் இரண்டுக்கும் சந்தை விலை இல்லை. மூன்றாவதற்கு மட்டும் உண்டு. விலை உள்ளது கணக்கில் ஏறும், விலை இல்லாதது திட்ட அறிக்கையின் பின்னிணைப்புக்குப் போகும். சுஹேலி, கட்மத் தீவுகளில் ஒரு பெரிய விடுதிக் குழுமத்தின் திட்டங்கள் 2023 தொடக்கத்திலேயே அறிவிக்கப்பட்டன.

அந்தப் பாறைகளின் நிலையோ கவலைக்கிடம். அகத்தி, கட்மத், கவரத்தி ஆகிய தீவுகளில் 1998 முதல் 2022 வரை தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறத்தாழப் பாதியாகிவிட்டது என்கிறார்கள். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் வெப்ப அலைகள் அவற்றை வெளுக்கச் செய்தன. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காம் பவள வெளுப்பு அறிவிக்கப்பட்டது. பவள உயிரியின் உடலுக்குள் வாழ்ந்து அதற்கு உணவு தயாரிக்கும் நுண்பாசி, கடல்நீர் வழக்கத்தைவிட ஓரிரு பாகை சூடானாலே வெளியேற்றப்படுகிறது. எஞ்சுவது வெள்ளைச் சுண்ணாம்பு எலும்பு. சூடு விரைவில் தணிந்தால் மீளும். வாரக்கணக்கில் நீடித்தால் மடியும். நம் முட்டை ஓடும் அந்த எலும்பும் ஒரே கால்சியம் கார்பனேட்தான். ஓட்டைக் கோழி ஒரே நாளில் செய்துவிடும். பாறைக்கு நூற்றாண்டுகள் வேண்டும்.

இந்த இடத்தில்தான் கப்பலை மூழ்கடிக்கும் திட்டங்களைப் பற்றி எனக்கு ஐயம் எழுகிறது. எண்ணெயும் நச்சுப்பொருளும் நீக்கிய கப்பல், மீன்களுக்குப் புகலிடம் ஆவது உண்மை. ஏற்கெனவே உள்ள பாறைகளின் மீது பயணிகளின் நெரிசலைக் குறைக்கவும் அது உதவக்கூடும். ஆனால் சூடான நீரில் இரும்பின் மேலும் பவளம் வளராது. எல்லாக் கப்பல்களும் தூய்மைப்படுத்தப்பட்டு மூழ்குவதும் இல்லை. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கிய 'எம்.எஸ்.சி. எல்சா 3' சரக்குக் கப்பலில் 640 பெட்டகங்கள் இருந்தன. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரிக் கடற்கரையிலும் ஒதுங்கின. 2021-இல் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கிய 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' கப்பலுக்காக நூறு கோடி டாலர் இழப்பீடு வழங்குமாறு இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் ஆணையிட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட 'ஹெர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பலோ, முந்நூறுக்கும் மேற்பட்டோரின் கல்லறை. ஐம்பது மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையான நாற்பது மீட்டருக்கு அப்பால். மூழ்கிய கப்பல் என்றாலே கண்காட்சி என்று எண்ணுவோர் இவற்றையும் கணக்கில் கொள்ளட்டும்.

தமிழகத்துக்கு வருவோம். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் அதைச் சூழ்ந்த மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட பகுதி. சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லாகவும் ஆலைகளின் மூலப்பொருளாகவும் பவளத்தை வெட்டியெடுத்ததன் விளைவாக இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. தேய்ந்துவந்த வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன. இப்போது காரியாச்சல்லித் தீவையும் அவ்வாறு மீட்கும் பணியில் அரசு இறங்கியிருக்கிறது. பாராட்டத்தக்கதே.

முக்குளிப்பு நமக்கு வெளிநாட்டிலிருந்து வந்த விளையாட்டு அன்று. பாண்டியநாட்டு முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், இருபதில் ஒரு பங்கு சுறாவை மந்திரத்தால் கட்டுவோருக்கும் போனதாகக் குறிக்கிறார். மந்திரத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் அது ஐந்து சதவீதக் காப்பீட்டுக் கட்டணம். பிற்காலத்தில் ஆங்கில அரசும் இத்தகையோருக்குச் சம்பளம் கொடுத்தது. அவர் கரையில் நிற்காவிட்டால் ஒருவரும் நீரில் இறங்க மாட்டார்கள் என்பதை அந்த அதிகாரிகள் நன்கு அறிந்திருந்தார்கள். தூத்துக்குடியில் 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆனால் சங்கு குளிப்போர் இன்றும் இருக்கிறார்கள். படகிலுள்ள காற்றழுத்தக் கருவியிலிருந்து நீளும் ரப்பர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு, வங்காளத்து மணப்பெண்களின் வளையலுக்காகச் சங்கு தேடுகிறார்கள். வேகமாக மேலேறினால் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழியிட்டு மூட்டையும் முதுகுத்தண்டையும் தாக்கும். பன்னாட்டுச் சான்றிதழ் பெற்ற பயிற்றுநர் முதல் வகுப்பில் சொல்லித் தரும் பாடம் அது. இவர்களில் பலர் அதை உடலால் கற்றவர்கள். பாம்பன் பகுதியில் தீவுகளைச் சுற்றி மூச்சடக்கிப் பாசி சேகரிக்கும் பெண்களும் அவ்வாறே. தேசியப் பூங்கா அறிவிப்பு அவர்களைத் தலைமுறைத் தொழிலிலேயே அத்துமீறுவோர் ஆக்கிவிட்டது.

எனவே மன்னார் வளைகுடாவில் கடலடிச் சுற்றுலா என்ற பேச்சு எழும்போதெல்லாம், வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களைத் தாண்டி விடுதிக்காரர்கள் உள்ளே போவார்களா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். நல்ல முன்மாதிரியும் அருகிலேயே இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில், வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டில் படகுச் சவாரி நடத்துகிறார்கள். ஏர்வாடியை அடுத்த பிச்சைமூப்பன்வலசையிலும் அவ்வாறான முயற்சி உண்டு. சிறிய அளவுதான். சிறிய அளவு என்பதே அதன் சிறப்பு. கட்டணம் ஊருக்குள் தங்குகிறது.

அரசு முக்குளிப்புக்கு உரிமம் வழங்குவதானால், ஏலம் விடக்கூடாது. ஏலத்தில் வெல்வது முதல் உள்ளவர். சங்கு குளிப்பவரிடம் இருப்பது நுரையீரல் மட்டுமே. உரிமம் கடலோரக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு. பயிற்சிச் செலவு அரசுடையது. ஒரு பாறைக்கு நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு கடல் உயிரியலாளர்களுடையது. அழுத்த நோய்க்கான மறுஅழுத்த அறை முதலில் வரட்டும். விளம்பரப் பலகை பிறகு வரலாம். அந்த அறை பயணிகளுக்கு மட்டுமன்றிச் சங்கு குளிப்போருக்கும் கட்டணமின்றிப் பயன்படவேண்டும்.

ஒரு சிக்கலுக்கு மட்டும் எளிய விடை தெரியவில்லை. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீனவருக்கு மாற்று வருவாய் மிகவும் தேவைப்படும் காலம் அது. பள்ளி விடுமுறையும் அப்போதுதான். சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் குடும்பங்கள் கிளம்பும். கடல்நீர் சூடேறிப் பவளம் வெளுக்கும் மாதங்களும் ஏறத்தாழ அவையே. வெளுத்த பாறையைத் தொட்டாலும் துடுப்புக் காலால் மணலைக் கிளப்பினாலும் அது மீள்வது கடினமாகும். வருவாய் வேண்டிய இரண்டு மாதங்களில்தான் பாறையை மூடி வைக்கவேண்டும். அந்த இரண்டு மாதங்களுக்கான ஊதியத்தை மீதிப் பத்து மாதக் கட்டணத்திலிருந்து எப்படி ஒதுக்குவது என்று எழுதப்பட்ட ஒரு திட்ட அறிக்கையை நான் இதுவரை கண்டதில்லை.