மரக்கணக்கு பல்லுயிரியம் ஆகாது

மழைக்காலத்தில் புணேயின் வேதாள் குன்றில் ஏறுவோர் எங்கும் பச்சையைக் கண்டு பூரிக்கின்றனர். அந்தப் பச்சையில் பெரும்பங்கு, 'மொட்டைக் குன்றைப் பசுமையாக்க' வனத்துறை நட்ட மத்திய அமெரிக்க மரமான கிளைரிசிடியா. குன்றோ ஒருநாளும் மொட்டையாக இருந்ததில்லை. புல்லும், இடையிடையே முள்மரமும், வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் கிழங்காய் உறங்கி மழைக்கு முளைத்துப் பூக்கும் சிறுசெடிகளும் நிறைந்த வெட்டவெளி அது. அடர்நிழல் விழுந்தால் அவற்றுக்கு வாழ்வில்லை.

மரபணு, சிற்றினம், சூழலமைப்பு என மூன்று நிலைகளில் பல்லுயிரியத்தை வரையறுத்துப் பாடம் நடத்தும் கல்வி நிறுவனங்களே ஜூன் 5 அன்று கிடைத்த வெளியிலெல்லாம் மரக்கன்று நட்டுப் படமெடுத்துக்கொள்கின்றன. மூன்றாம் நிலை விடைத்தாளோடு முடிந்துவிடுகிறது போலும்! அரசின் நிலப் பட்டியலிலோ புல்வெளி பெரும்பாலும் 'தரிசு'. சாலைக்கும் சுரங்கத்துக்கும் காட்டைக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக மரம் வளர்க்க இடம் தேடும் கண்கள் இந்தத் தரிசின்மீதுதான் விழுகின்றன. அங்கே காடு போகிறது. இங்கே புல்வெளி போகிறது. ஏட்டில் மட்டும் பசுமை கூடுகிறது.

காடு அழிந்து உண்டானதே புல்வெளி என்பது காலனிய வனவியல் விட்டுச்சென்ற வாதம். ஆஷிஷ் நெர்லேகரும் திக்விஜய் பாட்டீலும் 2025இல் வெளியிட்ட ஆய்வு அதன் வேரையே அசைத்துவிட்டது. பழைய மராத்தி இலக்கியங்களில் இடம்பெறும் மரஞ்செடிகளை ஆராய்ந்து, மேற்கு மகாராட்டிரத்தின் இவ்வெட்டவெளிகள் குறைந்தது 750 ஆண்டுத் தொன்மை உடையவை என அது காட்டியது. முல்லைத் திணையின் ஆயர் வாழ்வைக் கற்பிக்கும் தமிழ்த் துறைகளும் இத்தகைய ஆய்வில் இறங்கலாம். நீலகிரியின் மலைப் புல்வெளிகளை வெற்றிடமெனக் கருதி வாட்டில் மரங்களை நட்டு, இன்று அவற்றையே செலவிட்டு அகற்றும் நிலை தமிழகத்துக்குப் புதிதன்று.

இவ்வாதத்தைக் கையில் ஏந்திக் குன்றைக் குடைந்து சாலை போட வருவோரும் உண்டு. கிளைரிசிடியா புல்லை ஒடுக்குகிறது. தார் அதன் மண்ணையே புதைக்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

புணே மாவட்டத்தின் கிழக்கே தங்கர் இடையரின் ஆட்டுக்கிடைகளை ஒட்டி ஓநாய்கள் இன்னும் வாழ்கின்றன. சிங்காராவுக்கென அமைந்த மயூரேசுவர் சரணாலயத்தின் பரப்பு சுமார் 5 சதுர கிலோமீட்டர். அதற்கு வெளியே மேயும் மானுக்கும் அலையும் ஓநாய்க்கும் எஞ்சியிருப்பது, அடுத்த நடவுத் திட்டத்துக்காகக் காத்திருக்கும் அந்தத் 'தரிசு' நிலம்.